உப்புத் தண்ணீர் பிழைக்க வைத்தவர்கள்

கதவைத் தட்டியவர் உள்ளே வரவில்லை. படிக்கட்டின் கைப்பிடியைக்கூடத் தொடாமல் கீழ்ப்படியிலேயே நின்றுகொண்டு, தெருக்கோடி வரை கேட்கும் குரலில், "தீப்பிடிச்ச இடத்தைப் பாத்துச் சொல்ற அம்மா வீடு இதுதானே?" என்று கேட்டார். நோய் ஊரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. தெரிந்தவர்களைக் கண்டால் சிரிப்பதற்குப் பதில் இரண்டடி பின்வாங்க எல்லோரும் பழகியிருந்தார்கள். சாலையில் ஆம்புலன்ஸைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை.

அந்த வீட்டில் இருந்தவர்கள் ஓர் அக்காவும் தம்பியும். அக்காவுக்குத் தீயணைப்புத் துறையில் வேலை. எரிந்து முடிந்த கட்டடத்துக்குள் போய், நெருப்பு எந்த மூலையில் பிறந்தது, தானாகப் பிறந்ததா, யாராவது பெற்றுப் போட்டார்களா என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒரு பார்வையில் முடிப்பதை அவர் ஒரு பகல் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். அதனால் அவருக்கு 'நிதானம்' என்று பட்டம். தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அவருடைய பட்டம் என்ன என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 'அவசரம்'. நோய் அவரையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போயிருந்தது. மூச்சு திரும்பிவிட்டது, மோப்பம் இன்னும் திரும்பவில்லை. வீட்டில் ஓய்வெடு என்று அனுப்பியிருந்தார்கள். ஓய்வை எப்படி எடுப்பது என்றுதான் அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

"இதே வீடுதான், மேல வாங்க!" என்று பாதிப் படி இறங்கிவிட்டார் அவசரம்.

"இங்கயே நிக்கறேன். சொல்ல வேண்டியதை முதல்லயே சொல்லிடறேன். எனக்கு என் மாப்பிள்ளையைக் கண்டாலே ஆகாது."

நிதானம் வாசலுக்கு வந்து ஒரு நாற்காலியைக் கீழே இறக்கித் தள்ளிப் போட்டார். "ஆகாத மாப்பிள்ளைக்காகவா இந்த வெயில்ல நடந்து வந்தீங்க?"

"பஸ் ஓடலையே! வாழ்நாள் பூரா பஸ்ல டிக்கெட் கிழிச்சவன் இன்னிக்கு நடந்து வர்றேன். கொடுமையைப் பாருங்க." உட்கார்ந்ததும் அந்தப் பெரிய குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "அவன் ஆஸ்பத்திரில நர்ஸ், அவசரப் பிரிவுல. புதுசா ஒரு மருந்தைச் சோதிச்சுப் பாக்கறாங்களாம், அந்த ஊசியைப் போடறது இவன்தான். ஊசி போட்ட ஆளுங்க வரிசையா செத்துட்டாங்களாம். இவன்தான் ஏதோ கலந்துட்டான்னு சொல்லி ஒரு ரூம்ல உக்கார வெச்சிருக்காங்க. சாயங்காலம் கூட்டம். கூட்டம் முடிஞ்சதும் போலீஸ்ல ஒப்படைக்கப் போறாங்க."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"அவனுக்குப் பொய் சொல்ல வராதும்மா. கல்யாணமான புதுசுல என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். முதல் வாயிலயே 'மாமா, உப்பு ஜாஸ்தி'ன்னான். சமைச்சது நான். அன்னியிலேர்ந்து ஆகாது." பெரியவர் முகக்கவசத்தை மூக்கின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். அது கண்ணைத் துடைப்பதற்கு ஒரு சாக்கு. "அப்படிப்பட்டவன் நாலு பேரைக் கொன்னுட்டு வந்து என் பொண்ணு பக்கத்துல உக்காந்து சாப்பிட முடியுமா? அவ காலையிலேர்ந்து வாய் திறக்கல. அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுடுங்க. அப்புறம் நானே அவனைத் திட்டிக்கறேன்."

அவசரம் ஏற்கெனவே செருப்பை மாட்டிவிட்டிருந்தார்.

*

சில வருடங்களுக்கு முன் அந்த மருத்துவமனையின் ஆக்சிஜன் கிடங்கில் தீப்பிடித்தபோது, காரணம் கண்டுபிடித்துக் காவலாளி ஒருவரின் வேலையைக் காப்பாற்றியவர் நிதானம். அதனால் வாசலில் அவரை யாரும் தடுக்கவில்லை. ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் தன் அறைக்கே அழைத்து உட்கார வைத்தார். முகக்கவசம் அழுத்தி அழுத்தி அவர் மூக்குத்தண்டில் தழும்பு விழுந்திருந்தது. தூங்கி எத்தனையோ நாளான கண்கள்.

"விஷயம் இதுதாம்மா. மூச்சுத் திணறலோட வர்றவங்ககிட்ட சம்மதம் வாங்கிட்டு ஒரே ஒரு ஊசி போடறோம். பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. மத்த சிகிச்சை எல்லாருக்கும் ஒண்ணுதான். யாருக்கு எது போச்சுன்னு எனக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது."

"சாகக் கிடக்கறவனுக்கு உப்புத் தண்ணியா?" என்று பொங்கினார் அவசரம்.

"மருந்து நல்லது செய்யுமா கெட்டது செய்யுமான்னே தெரியாதுங்களே. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தப் பாடு. யாருக்கு எதுன்னு தெரிஞ்சா எங்க மனசு சாயும். மனசு சாய்ஞ்சா கணக்கும் சாயும்."

"சரி, இப்ப கணக்கு என்ன சொல்லுது?" என்றார் நிதானம்.

டாக்டர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். இதே ஆராய்ச்சி வேறு பல மருத்துவமனைகளிலும் நடக்கிறது. அங்கெல்லாம் மருந்து பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சற்று நன்றாகவே தேறிவருகிறார்கள். இங்கே மட்டும் மருந்து பெற்றவர்கள்தான் கொத்துக் கொத்தாகப் போகிறார்கள். மேற்பார்வைக்கென்று வெளியிலிருந்து அமர்த்திய குழு ஒன்று எந்தக் குப்பியில் எது என்ற ரகசியக் குறிகளைப் பிரித்துப் பார்த்து இதைக் காலையில் தெரிவித்துவிட்டு, இன்று சாயங்காலம் வருகிறது.

"ஒரே மருந்து, ஒரே குப்பி. அங்கெல்லாம் உயிர் கொடுக்குது, இங்க உயிரை எடுக்குது. அப்ப கோளாறு மருந்துல இல்ல, இங்க இருக்கற யாரோ ஒருத்தர்கிட்ட. பெட்டியைப் பிரிக்கறதும் ஊசி போடறதும் அந்த நர்ஸ் ஒருத்தர்தான். போதாததுக்கு, எது மருந்துன்னு தனக்குத் தெரியும்னு அவரே ஒத்துக்கிட்டார்."

"ஒத்துக்கிட்டாரா!" என்றார் அவசரம். பெரியவர் வெளியே மரத்தடியில் காத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

நிதானம் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "உப்புத் தண்ணி வாங்கினவங்க எப்படி இருக்காங்க?"

"அவங்களுக்கென்ன. நல்லா இருக்காங்க. அநேகமா எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க."

"மத்த ஆஸ்பத்திரில உப்புத் தண்ணி வாங்கினவங்க அளவுக்கா?"

டாக்டர் நிமிர்ந்தார். "அவங்களை விட ரொம்பவே நல்லா. அதுதான் எனக்கும்…" பாதியில் நிறுத்திவிட்டார்.

"ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பாத்தா? மொத்தச் சாவு இங்க அதிகமா?"

"இல்ல. மொத்தமா பாத்தா மத்த இடம் மாதிரிதான்."

வெளியே வந்ததும் அவசரம் அக்காவின் காதைக் கடித்தார். "என்னக்கா நீ, செத்தவங்களை விட்டுட்டுப் பொழைச்சவங்களைப் பத்தியே தோண்டித் தோண்டிக் கேக்கற?"

"எரிஞ்ச வீட்டுக்குள்ள போனா எல்லாரும் கருகினதைத்தான் பாப்பாங்க. நான் கருகாம நிக்கறதைப் பாப்பேன். நெருப்பு எந்தப் பக்கம் போகலையோ, அதுதான் அது வந்த வழியைச் சொல்லும்."

*

நர்ஸை ஊழியர்கள் உடை மாற்றும் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அகன்ற தோள், சின்ன முகம். கவச உடையின் விளிம்பு பதிந்த கோடு கழுத்தில் இன்னும் மறையவில்லை.

"உங்க மாமனார் அனுப்பினார்" என்றார் நிதானம்.

"மாமாவா? என்னையா?" அந்த நிலையிலும் அவர் முகத்தில் வியப்பு ஓடியது. "திட்டச் சொல்லியிருப்பார்."

"வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னார். அதுக்கப்புறம் திட்டுவாராம். மருந்து எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கட்டைவிரலுக்குத் தெரியும்மா. ஊசியைத் தள்ளும்போது சிலது தண்ணி மாதிரி வழுக்கிட்டுப் போகும். சிலது இழுத்துப் பிடிக்கும், கொஞ்சம் கெட்டி. அதுதான் மருந்துன்னு நானா நினைச்சுக்கிட்டேன். கேட்டாங்க, சொன்னேன்."

"உங்களை யார் சொல்லச் சொன்னா?" என்று தலையில் அடித்துக்கொண்டார் அவசரம்.

"கேட்டாங்களே!" என்றார் நர்ஸ், அதற்கு மேல் ஒரு காரணம் வேண்டுமா என்பதுபோல. பிறகு தன் கைகளைப் புரட்டிப் பார்த்தார். "என் கையாலதான் போட்டேன். ஏதாவது தப்பாப் போட்டிருப்பேனோன்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

"பெட்டியைப் பிரிக்கும்போது பக்கத்துல யாரு இருப்பாங்க?"

"டாக்டர் இருப்பார், இன்னொரு நர்ஸும் இருப்பாங்க. மருந்து ரூம் ஜன்னல் வழியா எந்தப் பெட்டி வருதோ அதை அங்கேயே பிரிச்சு அவங்க கண்ணு முன்னாடியே போட்டுடுவேன். மாத்தவும் முடியாது, கலக்கவும் முடியாது. ஆனா அதைச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

அங்கிருந்து வார்டின் கண்ணாடிச் சுவருக்கு வந்தார்கள். உள்ளே எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை. தலையை முழுதாக மூடும் கவசத்துக்குள் இடுப்பில் கட்டிய மோட்டார் ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அவசரத்துக்குத் தெரிந்த செவிலி ஒருத்தி உள்ளே நின்றிருந்தாள். அவர் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. எதிரே போய்க் கையை ஆட்டிய பிறகுதான் பார்த்தாள். மூடிய முட்டியை நெஞ்சில் வைத்து, பிறகு மெல்ல விரித்துக் காட்டிவிட்டு, தன் நோயாளியிடம் போய்விட்டாள்.

"அது என்ன சைகை?"

"'கொஞ்சம் இரு, வர்றேன்'னு அர்த்தம். அந்தத் தொப்பிக்குள்ள இடி விழுந்தாலும் கேக்காதுக்கா. ஈ மொய்க்கற மாதிரி ஒரே இரைச்சல். நாங்க நோயாளியை உள்ள கொண்டுபோய் விடும்போதெல்லாம் இந்த ஊமை நாடகம்தான்."

நிதானம் அந்த வெள்ளைத் தலைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

மருந்துப் பெட்டிகள் இருந்த அறை வார்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி இருந்தது. ஒரு குளிர்பெட்டி, ஒரு மேசை, வார்டுக்குள் பெட்டியைக் கொடுக்க ஒரு சிறு ஜன்னல். எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடம் நேராகத் தெரிந்தது. பெட்டிகளுக்குப் பொறுப்பான அம்மாவை அங்கே எல்லோரும் 'பெட்டி மேடம்' என்றே கூப்பிட்டார்கள். நடு வயது, மெல்லிய குரல். தலைக்குப் பின்னால் நாடாவை இரண்டு முடிச்சாகக் கட்டியிருந்த முகக்கவசத்துக்கு மேலே கண்கள் வீங்கியிருந்தன.

அறை அடுப்பாகக் கொதித்தது. "இவ்வளவு புழுக்கத்துல எப்படி மேடம் உக்காந்திருக்கீங்க? விசிறி இருக்கே" என்றார் அவசரம். மேசையில் மின்விசிறி இருந்தது. அதன் கம்பி பிடுங்கப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"காத்தோட சேந்து கிருமியும் பரவுமோன்னு பயம் தம்பி."

"மத்த ஆஸ்பத்திரிலயும் குளிர்பெட்டி வெளியிலதான் இருக்கா?" என்று கேட்டார் நிதானம்.

"இல்லம்மா, வார்டுக்குள்ளயே இருக்கும். இங்க உள்ள இடம் பத்தல. கட்டில் மேல கட்டில் போட்டாச்சு."

குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். கையளவு வெள்ளை அட்டைப் பெட்டிகள். ஒட்டிய முத்திரை. மேலே எண்ணோ எழுத்தோ எதுவும் இல்லை. குறியெல்லாம் உள்ளே குப்பியின்மேல்தான் என்றார். கிடங்கிலிருந்து வருவதைப் பின்னால் அடுக்குவது கிடங்குக்காரர். முன்னால் இருப்பதை எடுத்துக் கொடுப்பது பெட்டி மேடம். எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்கக் கூடாது என்பது விதி.

நிதானம் தொடவில்லை. குனிந்து பார்த்தார். பின்வரிசைப் பெட்டிகளின் விளிம்புகள் கத்திபோல் நேராக இருந்தன. முன்னால் இருந்த இரண்டு பெட்டிகள் மட்டும் மூலை நைந்து, வெளியே எடுத்த குளிர்ந்த பாத்திரம் வியர்த்துக் காய்ந்தாற்போல் அட்டை பொருமியிருந்தன.

"மேடம், ஒரு காதுக் கம்மலைக் காணோமே! எங்கயாவது விழுந்துடுச்சா?" என்று அவசரம் தரையைத் தேட ஆரம்பித்துவிட்டார். இடது காதில் சின்னத் தங்கக் கம்மல் இருந்தது. வலது காது வெறுமையாக இருந்தது.

பெட்டி மேடத்தின் கை வலது காதுக்குப் போயிற்று. "விழலை தம்பி. முகக்கவசத்துல மாட்டிக்கிட்டே இருந்துச்சு. கழட்டி வெச்சுட்டேன்."

"அந்த நர்ஸைப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

"நல்ல பையன்" என்றார் பெட்டி மேடம். சொல்லிவிட்டுக் குளிர்பெட்டியை மூடினார்.

*

சாயங்காலக் கூட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் குழுத் தலைவர் ஒருவர் மட்டுமே. முடியெல்லாம் நரைத்த, அதிகம் பேசாத பெண்மணி. டாக்டர், கிடங்குக்காரர், பெட்டி மேடம், நர்ஸ் எல்லோரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் கதவோரம் நின்றார். உட்காருங்கள் என்றதற்கு, "நின்னே பழக்கம்" என்றுவிட்டார்.

நிதானத்தின் வேண்டுகோளின்படி குளிர்பெட்டியிலிருந்து மூன்று பெட்டிகள் மேசைமேல் வைக்கப்பட்டிருந்தன.

"ஊசில விஷம் கலந்திருந்தா என்ன நடக்கும்னு முதல்ல யோசிப்போம்" என்று ஆரம்பித்தார். "மருந்து வாங்கினவங்க அதிகமா சாவாங்க. சரி. உப்புத் தண்ணி வாங்கினவங்க? அவங்க மத்த ஊர்ல எப்படியோ அப்படியேதான் இருக்கணும். அவங்க பக்கம் யாரும் போகலையே! ஆனா இங்க அவங்க மத்த ஊரை விட நல்லாப் பொழைச்சிருக்காங்க. உப்புத் தண்ணி எப்போ டாக்டர் உயிர் கொடுக்க ஆரம்பிச்சுது?"

டாக்டர் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார்.

"மொத்தச் சாவு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அப்ப இங்க யாரும் கூடுதலா சாகல. ஊசி போடறதுக்கு முன்னாடியே ஆளுங்களை யாரோ பிரிச்சிருக்காங்க. சாவு வாசல் வரைக்கும் போனவங்களுக்கு மருந்து. தாங்கக்கூடியவங்களுக்கு உப்புத் தண்ணி. முடியாதவங்க எல்லாரையும் ஒரு தட்டுல வெச்சா, அந்தத் தட்டு சாயாம என்ன செய்யும்?"

"அதை நானும் யோசிச்சேன்" என்றார் டாக்டர். "ஆனா எதை வெச்சுப் பிரிக்க முடியும்? பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாதே. குப்பி ஒண்ணு, நிறம் ஒண்ணு, எடை ஒண்ணு. நர்ஸுக்கே ஊசியைத் தள்ளும்போதுதான் தெரியும். அதுக்குள்ள அது யாருக்குன்னு முடிவாயிடும்."

"சரியா சொன்னீங்க. அதனாலதான் நர்ஸ் இல்ல. கிடங்குக்காரரும் இல்ல, அவர் அடுக்கும்போது நோயாளி வந்திருக்கவே மாட்டார். நடுவுல ஒரு கை இருக்கு." அவர் திரும்பினார். "தம்பி, இந்த ரூம் விசிறியை நிறுத்து."

அவசரம் பாய்ந்து நிறுத்தினார். அறை நிசப்தமானது. நிதானம் முதல் பெட்டியை எடுத்து வலது காதோரம் வைத்து மெல்லச் சாய்த்தார். இரண்டாவது. மூன்றாவது.

"இது தண்ணி. இதுவும் தண்ணி. இது மருந்து."

டாக்டர் பிரித்தார். ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு சொட்டை இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். மூன்றாவது சொட்டில் விரல்கள் ஒட்டிப் பிரிந்தன. அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"தண்ணி சலசலக்கும், கெட்டியா இருக்கறது மெதுவா நகரும், சத்தம் வராது" என்றார் நிதானம். "கண்ணுக்குத் தெரியாம மறைச்சீங்க, பெட்டியை எடுக்கற கைக்குத் தெரியாம மறைச்சீங்க. காதை மறந்துட்டீங்க. உங்க மேல தப்பு சொல்ல முடியாது. மத்த ஆஸ்பத்திரில குளிர்பெட்டி வார்டுக்குள்ள இருக்கு. எடுக்கறவங்க தலையில இரைச்சல் போடற தொப்பி. அவங்களுக்கு இந்தச் சத்தம் கேக்கவே கேக்காது. இந்த ஒரு இடத்துலதான், வெறும் காதோட ஒருத்தர் பெட்டியை எடுக்கறாங்க. எதிர்க் கண்ணாடில ஆம்புலன்ஸ்லேர்ந்து யார் எப்படி இறங்கறாங்கன்னும் அவங்களுக்குத் தெரியுது."

நிதானம் பெட்டி மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"புழுக்கத்துல விசிறியைப் பிடுங்கி வெச்சிருந்தீங்க. கிருமின்னு சொன்னீங்க, இருக்கலாம். ஆனா திரும்ப வைக்கக் கூடாத பெட்டி ரெண்டு, வெளியே வந்து வந்து வியர்த்து மூலை நைஞ்சு போயிருந்துச்சு. கம்மல் முகக்கவசத்துல மாட்டுதுன்னீங்க. உங்களோடது பின்னால கட்டற நாடா. காதுப் பக்கமே வராது. அட்டைப் பெட்டியை வெச்சு அழுத்தினா அந்தக் காதுலதான் கம்மல் குத்தும்."

மாமனார் ஒரு அடி முன்னால் வந்தார். "அடப்பாவி! நீ பண்ணிட்டு, என் மாப்பிள்ளையை…"

"மாமா" என்றார் நர்ஸ். ஒரே சொல். பெரியவர் நின்றுவிட்டார்.

பெட்டி மேடம் மெல்லப் பேச ஆரம்பித்தார். "முதல்ல தற்செயலாத்தான் கேட்டுச்சு. எடுத்துட்டுத் திரும்பும்போது ஒண்ணு சலசலன்னுச்சு, ஒண்ணு பேசாம இருந்துச்சு. புரிஞ்சும் புரியாத மாதிரி இருந்தேன். ஒரு நாள் ஒரு பொண்ணைக் கொண்டுவந்தாங்க. மூச்சு திணறுது, ஆனா கையில ஒரு குழந்தைச் செருப்பை வெச்சுக்கிட்டு விடவே இல்ல. நான் எடுத்த பெட்டி சலசலன்னுச்சு. விதிப்படி கொடுத்தேன். மறுநாள் அந்தச் செருப்பை மட்டும் ஒரு பையில போட்டு வெளிய கொடுத்தாங்க. அந்தப் பை என் மேசையைத் தாண்டித்தான் போச்சு."

அவர் விரல்கள் வலது காதைத் தடவிக்கொண்டிருந்தன.

"அதுக்கப்புறம் என்னால முடியல. ரொம்ப முடியாம வர்றவங்களுக்குப் பேசாத பெட்டியாத் தேடிக் கொடுத்தேன். நடந்து வர்றவங்களுக்குச் சலசலக்கறது. எவ்வளவோ பேரைக் காப்பாத்தறேன்னு நினைச்சேன். இன்னிக்குக் காலையில சொல்றாங்க, மருந்து வாங்கினவங்கதான் சாகறாங்கன்னு. இந்தப் பையன் மேல பழி விழுந்தப்ப சொல்லியிருக்கணும். நாக்கு எழும்பல. தேடித் தேடிப் பொறுக்கி நானே கொன்னேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"நீங்க யாரையும் கொல்லலம்மா" என்றார் நிதானம். "அவங்க வரும்போதே அப்படித்தான் வந்தாங்க."

பெட்டி மேடம் நிமிர்ந்து பார்த்தார். மூழ்குகிறவர் கரையைப் பார்ப்பதுபோல. "அப்படின்னா… நான் கொடுத்தது அவங்களுக்கு உதவிச்சா? ஒருத்தருக்காவது?"

நிதானம் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் குழுத் தலைவியைப் பார்த்தார். அந்தப் பெண்மணி அதுவரை பேசாதவர், இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"தெரியாதும்மா. இனி யாருக்கும் தெரியப் போறதில்ல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும் செஞ்சோம். இங்க ஊசி வாங்கினவங்க ஒருத்தர் கணக்கையும் இனி எடுத்துக்க முடியாது. அந்தச் செருப்புப் பொண்ணோட கணக்கையும் சேத்து."

அதுவரை யார் முன்னாலும் அழாத அந்த அம்மா அப்போதுதான் அழுதார்.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் தன் நாற்காலியை அவர் பக்கம் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார். "மேடம், ஊசி கனமாத் தள்ளும்போது எனக்கும் மனசுக்குள்ள சந்தோஷமா இருக்கும். லேசா வழுக்கிட்டுப் போனா ஐயோன்னு இருக்கும். உங்க இடத்துல நான் இருந்திருந்தா அப்படிச் செஞ்சிருக்க மாட்டேன்னு…" அவர் யோசித்தார். பொய் வரவில்லை. "சொல்ல முடியல."

*

பெட்டி மேடத்தை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போலீஸுக்குப் போவதா என்பதைக் குழு பிறகு பேசிக்கொள்ளும் என்றார்கள். இனி குப்பிகளைக் காற்றே இல்லாமல் கழுத்து வரை நிரப்பச் சொல்லி மருந்து செய்யும் கம்பெனிக்குச் சேதி போயிற்று. நர்ஸிடம் டாக்டர் மன்னிப்புக் கேட்டார். "வீட்டுக்குப் போங்க" என்றும் சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் இரண்டு ஆம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

மாமனார் நடைபாதையில் காத்திருந்தார். மாப்பிள்ளை வருவார் வருவார் என்று பார்த்தால், உடை மாற்றும் அறையிலிருந்து ஒரு வெள்ளை உருவம் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிற்று. அகன்ற தோளைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"மாப்பிள்ளை!" என்று கண்ணாடியைத் தட்டினார் பெரியவர். "வீட்டுக்கு வாங்க! நான்தான் சமைக்கறேன்! உப்பைக் குறைச்சுப் போடறேன், கேக்குதா?"

நடைபாதையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே அந்த உருவம் மட்டும் திரும்பவில்லை; புதிதாக வந்த நோயாளியின் முகத்தில் ஆக்சிஜன் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தது.

"கேக்காதுங்க பெரியவரே" என்றார் அவசரம். "எதிர்ல போய்க் கையை ஆட்டுங்க."

பெரியவர் கண்ணாடியின் மறுமுனைக்கு ஓடினார். ஓடும் பஸ்ஸை நிறுத்துவதுபோல் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். உருவம் நிமிர்ந்தது. ஒரு கணம் பார்த்தது. மூடிய முட்டியை நெஞ்சில் வைத்து, மெல்ல விரித்துக் காட்டிவிட்டு, மறுபடி குனிந்துகொண்டது.

"என்ன சொல்றான்? என்ன சொல்றான்?"

அவசரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் நிதானம்தான் பதில் சொன்னார்.

"கொஞ்சம் இருங்க, வர்றேன்னு சொல்றார்."

பெரியவர் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் நிம்மதியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.